வலது காது சொன்னது

என் அன்பு மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. கல்யாணத் தேதியை எழுதியிருக்கிறாய், பெண் வீட்டாரின் சம்மதத்தை எழுதியிருக்கிறாய், உன் அம்மாவுக்கு என்ன நிறத்தில் புடவை என்பதைக்கூட எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரே ஒரு வரி: “அப்பா, எஸ்டேட் கோயிலில் நீங்களே வாசிக்க வேண்டும்.” அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று உன் அம்மாவைக் கேட்டால் சொல்வாள். நான் படிப்பதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, “சம்மதம்னா சம்மதம்னு எழுதுங்க, இல்லன்னா இல்லன்னு எழுதுங்க. பரீட்சை பேப்பரைக் கையில வச்சுக்கிட்ட மாதிரி ஏன் முழிக்கிறீங்க” என்றாள். முழிக்கத்தான் செய்கிறேன். இதே கடிதம் இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் அன்றைக்கே சம்மதம் என்று எழுதியிருப்பேன், கொஞ்சம் கர்வத்தோடுகூட எழுதியிருப்பேன். இந்த இடைவெளியில் நடந்தது எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. பிடிபடாததை எழுதுவதால் இந்தக் கடிதம் முன்னும் பின்னுமாகப் போகும், பொறுத்துக்கொண்டு படி. ஜெயமணியும் படிக்கட்டும். நம் வீட்டுக்கு வரப்போகிறவள், நம் வீட்டு லட்சணம் அவளுக்கு முன்னாலேயே தெரிவது நல்லது.

மழை பிடித்த வாரத்தில் எனக்கு வலது காதில் குத்தல் எடுத்தது. உன் அம்மா நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக நாலு சொட்டு விட்டு, பஞ்சை உருட்டி அடைத்துவிட்டாள். இரண்டு நாளைக்கு எடுக்கக் கூடாது என்று உத்தரவு. வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போலக் கோயிலுக்குப் போய், ஞாயிறு ஆராதனைப் பாட்டுகளை ஒரு தடவை வாசித்துப் பார்க்க ஆர்கன் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு காலாலும் மிதித்துக் காற்றை ஏற்றி முதல் பாட்டின் முதல் வரியைத் தொட்டேன். கை தானாக நின்றுவிட்டது. நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் இருக்கும் ஐந்து சுரங்கள் சுதி இறங்கிக் கிடந்தன. கொஞ்சநஞ்சம் இல்லை, சந்தைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறவனுக்குக்கூடத் தெரிகிற இறக்கம். ஈரத்தில் ரீடு கெட்டுவிட்டது போல என்று நினைத்து, நன்றாகக் கேட்பதற்காகப் பஞ்சை எடுத்தேன். பெட்டி சரியாக இருந்தது.

மறுபடி பஞ்சை வைத்தேன், இறங்கியது. எடுத்தேன், சரியானது. பிறகு பஞ்சை ஒதுக்கிவிட்டு விரலால் அடைத்துப் பார்த்தேன். இடது காதை அடைத்தால் ஐந்து சுரமும் அழகாக நின்றன, வலது காதை அடைத்தால் ஐந்தும் இறங்கின. இரண்டையும் திறந்து வைத்தால் வலது காது சொன்னதுதான் ஜெயித்தது. அதன் பேச்சையே கேட்டுப் பழகியவன் நான். எவ்வளவு நேரம் அப்படிக் காதைப் பொத்துவதும் விடுவதுமாக உட்கார்ந்திருந்தேனோ தெரியாது, கோயிலைப் பெருக்க வந்த ஞானம்மா விளக்குமாற்றோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “பெட்டி சரியா இருக்கா ஞானம்மா, உனக்கு எப்படிக் கேக்குது?” என்று அவளிடமே கேட்டேன். அவள் தயங்கினாள். “அது ரொம்ப வருசமா இப்படித்தானுங்க அழுவுது. நீங்கதான் தொறந்து செஞ்சீங்க. ஐயா செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு நாங்க இருந்துட்டோம்” என்றாள். மகனே, கோயில் பெருக்குகிறவளுக்குத் தெரிந்தது கோயில் ஆர்கனிஸ்டுக்குத் தெரியவில்லை.

ஜெயமணிக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஆர்கனுக்குள்ளே ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு பித்தளை நாக்கு இருக்கும், அதைத்தான் ரீடு என்கிறோம். காற்று பட்டால் அது துடித்துப் பேசும். நுனியில் சுரண்டினால் சுதி ஏறும், அடியில் சுரண்டினால் சுதி இறங்கும். ஒரு தடவை சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. சுதி சேர்க்கும்போது நான் வலது காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொள்வேன், அது என் பழக்கம். அந்தக் காதுக்கு ஏதோ ஒரு வருஷத்தில் ஏதோ ஒன்று நேர்ந்து, இந்த ஐந்து சுரமும் உள்ளதைவிட ஏறிக் கேட்க ஆரம்பித்திருக்கிறது. ஏறியிருக்கிறதே என்று நான் பெட்டியைத் திறந்து ஐந்தையும் இறக்கிவிட்டேன். காது கெட்டுப் போனதற்குப் பெட்டியைத் தண்டித்திருக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு நரம்பு என்றார், பல வருஷம் பக்கத்தில் பெரிய சத்தம் கேட்டிருக்கிறீர்களா என்றார், மருந்து கிடையாது என்றார். நான் ஜாஸ் வாசிக்கும் ஓட்டலில் எனக்கு வலப்பக்கம்தான் எங்கள் குழுவின் ஆ செங் அடிக்கும் டிரம்மும் தாளத்தட்டும் இருந்தன. அந்தத் தட்டுக்கும் எனக்கும் நடுவில் கிளாரினெட்டோடு இருந்தவன் நீ.

நான் எப்படி வாழ்ந்தேன் என்பதும் ஜெயமணிக்குத் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானப்பாட்டு. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கடலோர ஓட்டலில் துரைமாரும் துரைசானிமாரும் தேநீர் குடித்து நடனமாட ஜாஸ். மற்ற நாட்களில் ரயிலேறி, செனாய் ஊரிலிருந்து ரெங்கம் வரைக்கும் ரப்பர் எஸ்டேட் கோயில்களில் பூச்சி அரித்த பெட்டிகளைப் பழுது பார்ப்பது. ஓட்டலில் முதலில் பியானோதான் இருந்தது. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, கறையான் காலைத் தின்று, ஒரு நாள் அது குப்புறச் சாய்ந்தது. அதற்குப் பதிலாக என் சொந்த ஆர்கனைக் கொண்டுபோய் வைத்தேன். அதில் கோயில் பாட்டு மட்டும்தான் வரும் என்று எல்லாரும் சிரித்தார்கள். மிதிக்கிற காலை நான் தாளத்துக்கு இடையில் இடறி மிதித்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்த இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு, அந்த இடறலைக் காலுக்குக் கற்றுக் கொடுத்திருந்தேன். காற்று விம்மி விம்மி வந்தது, நடனக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். ஒரு வருஷத்தில் அந்தக் கால் கோயிலுக்கும் வந்து சேர்ந்தது. சபையார் பாடும்போது தோள் லேசாக ஆடியதைப் போதகர் ஐயா கவனித்தார். ஒரு வாரம் யோசித்துவிட்டு, “ஆடுறது ஆடட்டும், ஆனா மெதுவா ஆடட்டும்” என்றார். அந்த நாட்களில் எனக்குத் தலைகால் புரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் என்னைப் போலச் சுதி பிடிக்கிறவன் கிடையாது என்று நாலு பேர் சொன்னார்கள், ஐந்தாவதாக நானும் சொல்லிக்கொண்டேன்.

உன் காது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நீ மூன்று வயதுப் பிள்ளையாக இருக்கும்போது, நான் வீட்டில் ரீடு சுரண்ட உட்கார்ந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாய். சுரம் சரியான இடத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிடுவாய். நீ கையை எடுத்தால் நான் அரத்தைக் கீழே வைப்பேன். உன் அம்மாவுக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுதான், அவளே அதைப் பார்த்துவிட்டு, “புள்ளையப் பாத்துத்தான் அப்பா பெட்டி செய்யிறாரு” என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். இதெல்லாம் தெரிந்தவன்தான் பத்தொன்பது வருஷம் கழித்து அந்தச் சனிக்கிழமை அப்படிப் பேசினேன்.

அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. ஆனால் நாலு வருஷமாக அதை நான் வேறு மாதிரி ஞாபகம் வைத்திருந்தேன், அதனால் முழுக்க எழுதுகிறேன். மழை விட்டுச் சாளரமெல்லாம் திறந்திருந்தது. மெதுவான பாட்டு ஒன்று, நடுவில் கிளாரினெட் தனியாக வரும் இடம், நீ எழுந்து நின்று வாசித்தாய். என் வலது காதுக்கு ஐந்து சுரமும் ஆணி அடித்த மாதிரி ஏறி வந்தன. அன்று பொறுக்கவில்லை. பாட்டின் நடுவிலேயே காலை எடுத்துவிட்டேன், காற்று நின்று ஆர்கன் முனகி அடங்கியது. “நிறுத்துடா. உனக்குக் காதே கிடையாது. இனிமே இதைக் கையால தொடாதே” என்றேன். தமிழ் புரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று கூட வாசித்த பெனிட்டோவையும் ஆ செங்கையும் பார்த்து, “தெலிங்கா தாக் அடா” என்று மலாயில் வேறு சொன்னேன். காது இல்லாதவன் என்று. ஒரு துரைசானி சிரித்தாள், பணியாள் தட்டோடு அப்படியே நின்றான். நீ கிளாரினெட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் துடைத்து, பெட்டியில் வைத்து மூடினாய். “சரிப்பா” என்றாய்.

இரண்டு மாதத்தில் ரெங்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்துப் போய்விட்டாய். கிளாரினெட்டை எடுத்துப் போகவில்லை. நான் உன்னைத் தடுக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. காது இல்லாத பையனுக்கு ஆபீஸ் உத்தியோகம் நல்லதுதானே என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உன் அம்மா இப்போது கேட்கிறாள், “அந்தப் பேச்சை நீங்க எடுக்குறப்பெல்லாம் நான் எழுந்து உள்ளே போயிடுவேனே, ஒரு தடவையாச்சும் கவனிச்சீங்களா?” நான் கவனிக்கவில்லை. அடுப்பில் ஏதோ வேலை இருக்கிறது என்று நினைத்தேன்.

பஞ்சு வைத்த அந்த வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்து உன் கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பெனிட்டோவிடம் போனேன். பெனிட்டோ எங்கள் குழுவில் சாக்ஸபோன் வாசிக்கும் மணிலாக்காரன், ஜெயமணி. சந்தைக்குப் பின்னால் குடியிருக்கிறான், கிளாரினெட்டும் ஊதத் தெரியும். அந்த ஐந்து சுரத்தையும் ஊது என்றேன். ஊதினான். இடது காதால் கேட்டேன், எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. வலது காதால் கேட்டேன், எல்லாம் ஏறி நின்றன. பெனிட்டோ வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். “சூடா லாமா, அபாங்” என்றான். ரொம்ப நாளாச்சு, அண்ணா. அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அவன் சொன்னதைத்தான் நான் ஒரு மாதமாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். நான் ஓட்டல் ஆர்கனைச் சுரண்டிய வாரமே நீ கண்டுபிடித்துவிட்டாயாம். ஒத்திகைக்கு நான் வருவதற்கு முன்னால் அவர்களைக் கூட்டி, அப்பா பெட்டியில் இந்த ஐந்தும் இறங்கியிருக்கின்றன, அவை வரும்போது நாமும் உதட்டைத் தளர்த்தி இறங்கிவிடுவோம் என்றாயாம். அவரிடம் சொல்லிவிடலாமே என்று பெனிட்டோ கேட்டதற்கு, “அப்பாவுக்கு அந்தக் காதை விட்டா வேற ஒண்ணும் இல்ல” என்றாயாம். அவன் கழுத்தில் தொங்கும் சிலுவையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாய். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு குழுவே என் தப்புக்குத் தன்னைத் தப்பாக்கிக்கொண்டு வாசித்திருக்கிறது. நீ போன பிறகும் நாலு வருஷம் வாசித்திருக்கிறது. நான் நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

“அப்படின்னா அந்தச் சனிக்கிழமை மட்டும் அவன் ஏன் இறங்கல?” என்று கேட்டேன். பெனிட்டோ அன்றைக்கே உன்னிடம் இதைக் கேட்டிருக்கிறான். ஒரு தடவையாவது அந்த இடத்தைச் சரியாக வாசித்துப் பார்க்க ஆசையாக இருந்தது என்றாயாம். ஒரு வருஷத்தில் ஒரே ஒரு நாள் நீ சரியாக வாசித்தாய், அந்த நாளில் நான் உன் வாத்தியத்தைக் கீழே வைக்கச் சொன்னேன். வெட்கம் என்றால் வெட்கம், இந்த வயதில் இவ்வளவு வெட்கப்படுவேன் என்று நான் நினைக்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து. அந்தக் கெட்டுப்போன ஐந்து சுரத்துக்குத்தான் ஓட்டலில் எனக்குப் பேர். ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர் என்னிடம் வந்து, உன் பெட்டியில் அந்த அழுகை எப்படி வருகிறது என்று கேட்டுக் கையைக் குலுக்கினார். நான் பணிவாகத் தலையைக் குனிந்து, பழக்கம் என்றேன். கோயிலில் அதே சுரங்களைக் கேட்டுவிட்டு, ஐயாவுக்குச் சனிக்கிழமைச் சரக்கு இன்னும் இறங்கவில்லை போல என்று பேசியிருக்கிறார்கள், அதுவும் இப்போதுதான் தெரிகிறது. நான் தொட்டுப் பார்க்காத சரக்கு. இப்போது பெட்டியைச் சரி செய்தால் ஓட்டலில் ஜாஸ் போய்விடும் என்கிறான் ஆ செங். அவன் கேலி செய்கிறானா நிஜமாகச் சொல்கிறானா என்றும் எனக்குத் தெரியவில்லை. தப்பு ஒரு இடத்தில் மேதைத்தனமாகவும் இன்னொரு இடத்தில் குடிகாரத்தனமாகவும் கேட்டிருக்கிறது. நான் இரண்டும் இல்லை. நான் என்ன என்றுதான் தெரியவில்லை.

என்னை ரொம்பக் குழப்புவது, இது எப்போது ஆரம்பித்தது என்பதுதான். ரயில் கேட்டருகே சைக்கிளிலிருந்து விழுந்தேனே, அப்போதா? மலேரியாவில் படுத்திருந்தபோதா? அதைத் தெரிந்துகொண்டால், எந்த நாள் வரைக்கும் நான் சொன்னது சரி, எந்த நாளிலிருந்து தப்பு என்று ஒரு கோடாவது போடலாம். கோடு போட முடியவில்லை. கோயில் பாட்டுக் குழுவிலிருந்து செல்லம் அக்காவை நீக்கினேன், சுதி ஏறுகிறது என்று. புதிதாக வாங்கிய கிராமபோனை வேகமாகச் சுற்றுகிறது என்று மூன்று தடவை கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை பிடித்தேன். கடைக்காரச் சீனர் மூன்றாவது தடவை கும்பிட்டார். அந்த வார ஞாயிற்றுக்கிழமை செல்லம் அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அக்கா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, “அப்ப நான் நல்லாத்தான் பாடினேனா?” என்றார். எனக்குத் தெரியவில்லை அக்கா என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. அவர் எந்த வருஷத்தில் எந்தச் சுரத்தில் பாடினார் என்பதை நான் எந்தக் காதால் கேட்டேனோ. “தெரியலன்னு சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா” என்று கேட்டு, காப்பி கொடுத்து அனுப்பினார்.

இவ்வளவும் எழுதிவிட்டு உன்னிடம் மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தால் கடிதம் சுருக்கமாக இருந்திருக்கும். ஆனால் எனக்கு உன்மேல் கோபமும் இருக்கிறது. இருக்கக் கூடாது என்று நாலு நாள் முட்டிப் பார்த்தேன், போகவில்லை. நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? மரியாதையா, பயமா, இரக்கமா? மரியாதை என்றால் அது எனக்கு வேண்டாத மரியாதை. பயம் என்றால் அது என் குற்றம். இரக்கம் என்றால், இருபத்தொரு வயதுப் பையன் தன் அப்பனைப் பார்த்து, இவருக்கு வேறு ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறான், அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அது பொய்யாக இருந்தால் உதறிவிடலாம். அன்று எனக்கு வேறு என்ன இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். உன் அம்மா இருந்தாள், நீ இருந்தாய். இரண்டு பேரையும் நான் கணக்கில் வைத்திருக்கவில்லை, நீ அதையும் கேட்டுவிட்டாய்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். எல்லா அப்பாக்களும் இந்த இடத்தில் புத்தி சொல்வார்கள், எனக்குச் சொல்லத் தகுதி இருக்கிறதா என்று தெரியாமலே ஒன்று மட்டும் சொல்கிறேன். ஜெயமணிக்காக உன் சுதியை இறக்கிக்கொண்டு சும்மா இருக்காதே. அவள் தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல். அவள் முகம் சுருங்கும், அன்றைக்குச் சோறு கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். நீ அன்பினால்தான் இறங்கி வாசித்தாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அன்பு என்னை இன்னும் ஐந்து வருஷம் அரத்தோடு ஊர் ஊராக அனுப்பியது. ஜெயமணி, உனக்கும் சொல்கிறேன் அம்மா. இவன் “சரி” என்று ஒரே சொல்லில் பதில் சொன்னால் நம்பிவிடாதே. எதிரே உட்காரவைத்து, என்ன சரி என்று கேள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உன் கடிதத்தோடு உன் மாமனார், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர் ஐயாவும் ஒரு கடிதம் வைத்திருந்தார். ரொம்ப மரியாதையாக எழுதியிருக்கிறார். நடுவில் ஓரிடத்தில், “தாங்கள் முன்பு வந்து செய்துகொடுத்த எங்கள் கோயில் பெட்டி மழையில் கெட்டுப் போய்விட்டது. மாப்பிள்ளைதான் பட்டணத்திலிருந்து ஐந்து புது ரீடு வரவழைத்து மாட்டி, சுதி சேர்த்துச் சரி செய்தார். தகப்பனார் கை அப்படியே வந்திருக்கிறது என்று நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம்” என்று எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். மழையில் கெட்டது என்று சொல்லியிருக்கிறாய். கிளாரினெட்டைத் தொடாதே என்றேன், தொடவில்லை. என் தப்பைச் சரி செய்ய மட்டும் அரத்தைத் தொட்டிருக்கிறாய், அதிலும் என் பேரைக் காப்பாற்றியிருக்கிறாய். உன்னைக் கட்டிக்கொள்வதா, கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தால் இரண்டும் செய்திருப்பேன்.

அந்தப் பெட்டியில்தான் கல்யாணத்துக்கு என்னை வாசிக்கச் சொல்கிறாய். நீ சரியாகச் செய்த பெட்டி என் வலது காதுக்குத் தப்பாகத்தான் கேட்கும். சரியாக வாசிக்க வாசிக்க எனக்குத் தப்பாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். நீ அது தெரிந்துதான் கேட்டாயா, தெரியாமல் கேட்டாயா, இதுவும் எனக்குப் புரியவில்லை. வாசிக்க மாட்டேன் என்று இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். வாசிக்கிறேன். பஞ்சு வைத்துக்கொண்டு, உன் காதை நம்பி வாசிக்கிறேன். நடுவில் நான் எங்கேயாவது தடுமாறினால் மாப்பிள்ளை என்றும் பார்க்காமல் எழுந்து வந்து சொல். சபையார் சிரித்தால் சிரிக்கட்டும்.

இந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்து, நான் அரத்தோடு போய்வந்த கோயில்களுக்கெல்லாம் அனுப்பப் போகிறேன். பிரதியில் கல்யாணத் தேதி, புடவை நிறம் என்று வரும் வரியை மட்டும் விட்டுவிடுகிறேன். பெட்டி கெட்டதற்கு அவர்களும் மழையைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், பாவம், மழைமேல் ஒரு குற்றமும் இல்லை. போன சனிக்கிழமை ஓட்டலில், நடனம் ஆரம்பிக்கும் முன்னால் நான் எழுந்து நின்றேன். பெனிட்டோ, ஆ செங், அன்று தட்டோடு நின்ற பணியாள், வந்திருந்த துரைமார் எல்லாரும் இருந்தார்கள். முதலில் தமிழில் சொன்னேன், பிறகு மலாயில் சொன்னேன், பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் சொன்னேன். அன்றைக்குச் சுதி தப்பியது நான், என் மகன் சரியாக வாசித்தான் என்று. துரைமாருக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே தெரியவில்லை, மரியாதைக்குக் கைதட்டினார்கள். பணியாளுக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. “அந்தத் தம்பி நல்லா இருக்காங்களா?” என்று கேட்டான். கல்யாணம் என்றேன்.

நீ திரும்ப வாசிப்பாயா என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன், கேட்க வாய் வரவில்லை. நாலு வருஷத்தில் உனக்கு அந்த ஆசையே போயிருக்கலாம், அதையும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவன்தான். வாசி என்று சொல்லும் காது எனக்கு இப்போது இல்லை. வாசிக்காதே என்று சொன்ன அன்றைக்கும் இருக்கவில்லை.

உன் அப்பா